அரைப்பேர் போடாத புத்தகம்

எம்பிலிப்பிட்டியவிலிருந்து பெல்மதுளைக்குப் போகும் பாதை, உடவளவை நீர் பாயும் வயல்களை விட்டு விலகி, கொடக்கவெலைக்கு அப்பால் மெல்ல மேடேறும். மாதம்பையில் ஒரு கிளை இறக்குவானைக்குப் பிரியும். நேரே போனால் காவத்தை. தேயிலையும் இறப்பரும் தமிழர் குடியிருக்கும் லயங்களும் அந்தப் பக்கங்களில்தான்.

தோட்டத்து வாழ்க்கை பேரில் தொடங்கும். காலையில் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போனவரின் பேர் செக்ரோல் என்ற பேரேட்டில் விழ வேண்டும். கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. லயக் காம்பராவும் அந்தப் பேரோடு ஒட்டியதுதான்.

நாடு எழுதிய பேரும் நிலைக்கவில்லை. 1947 தேர்தலில் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய தோட்டத் தமிழ் மக்களிடமிருந்து 1948ஆம் ஆண்டின் சட்டம் குடியுரிமையைப் பறித்தது. மறு ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்கையும் பறித்தது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். அந்த மக்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை.

இந்தப் பேரேடுகளுக்கு நடுவே, தோட்டங்களின் சிறுபான்மையான கிறிஸ்தவர்களுக்கு இன்னொன்றும் இருந்தது: கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு. 1854இல் அங்கிலிக்கன் சபை தோட்டங்களில் மிஷன் தொடங்கியபோது திருநெல்வேலியிலிருந்து உபதேசிமார் வந்தார்கள். அந்தப் பணிக்குத் தோட்டத் துரைமாரின் பணமும் துணை நின்றது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் லயத்து வாசலில் உட்கார்ந்து தமிழில் செபித்தவர் துரை அல்ல.

கத்தோலிக்கப் பதிவேட்டில் பிள்ளையின் பேர், தாய் தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன், தேதி எல்லாம் இருக்கும். உறுதிபூசுதலும் கல்யாணமும் பின்னாளில் அதே வரியின் ஓரத்தில் ஏறும். வேறு பங்கில் கல்யாணம் நடந்தால், அந்தப் பங்கு ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்கு எழுதி அறிவிக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். ஆக, இறக்குவானைப் பக்கம் பிறந்த பிள்ளை ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, கூடலூர்த் தேயிலையில் வேலைக்குச் சேர்ந்து அங்கேயே மாலை மாற்றினாலும், செய்தி சேர வேண்டிய இடம் பழைய கோயில்தான். கடவுச்சீட்டு மாறியதற்காக அந்தப் பேரை யாரும் வெட்டுவதில்லை. இதில் பெரிய ஆறுதல் இருக்கிறது.

அந்தப் புத்தகம் நெருப்பைத் தடுக்கவில்லை. 1977 ஆகஸ்டிலும் 1983 ஜூலையிலும் இனவன்முறை தோட்டங்களுக்குள் வந்தது. உயிரைக் காத்துக்கொள்ள எத்தனையோ குடும்பங்கள் வவுனியாப் பக்கம் போய், காடு வெட்டிக் குடியேறின. செக்ரோல் பேரைத் தோட்டத்தில் விட்டுத்தான் போக வேண்டியிருந்தது. செபமாலையை எடுத்துப் போக யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. எந்த மர நிழலிலும் அதைச் சொல்லலாம். 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ், செபத்தோடு நிற்காமல் இந்த மக்களின் உரிமைக்காகவும் கடைசிவரை பேசினார். விசுவாசம் தரும் பாதுகாப்புக்கு அப்படியும் ஓர் உருவம் வேண்டும்.

1995இல் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களுக்கென்று தனி மறைமாவட்டம் உருவானது. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. இன்றைய பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். கல்யாணம் முடிவானதும் புதிதாக எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழைப் பங்குச் சுவாமி கேட்பார். அதற்காகப் பிறந்த ஊர்க் கோயிலுக்கு எழுத வேண்டும், அல்லது பஸ் ஏறி வர வேண்டும். அங்கே பழைய புத்தகத்தை எடுத்து, வருஷம் பார்த்து, பக்கம் பக்கமாக விரல் வைத்துத் தேடுவார்கள்.

(தொடரும்)