உடைந்த கண்ணாடியும் பாசிமணியும்



பாசிமணி என்றால் நம் பெண்கள் இன்று சற்று ஏளனமாகவே பார்க்கிறார்கள். பொன் இருக்கக் கண்ணாடிக்கு ஏது மதிப்பு என்பது அவர்கள் எண்ணம். ஆனால் பினாங்குக்கு எதிர்க்கரையில், மூடா ஆற்றைக் கடந்தவுடன் வரும் சுங்கை மாஸ் என்ற ஊரில் மண்ணுக்குள் கிடந்த மணிகள், நம் முன்னோர் காலத்துக் கடல் வாணிகத்தைப் பற்றிப் பெருஞ்செய்தி சொல்கின்றன.

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு வீலர் என்னும் அறிஞர் அகழாய்வு நடத்தினார். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கண்ணாடி மணி செய்தார்கள். எப்படிச் செய்தார்கள்? உலையில் உருகிய கண்ணாடியை இரும்புக் கோலில் திரட்டி, நடுவே துளை விழச் செய்து, கையால் மெல்ல இழுத்துக்கொண்டே போனால் நீண்ட குழல் உண்டாகும். அதை மிளகளவுத் துண்டுகளாக நறுக்கி, சாம்பலோடு கலந்து மறுபடி சூடுகாட்டுவார்கள். கூர் விளிம்பு மழுங்கும். சாம்பல் இருப்பதால் துளையும் அடைபடாது, மணிகளும் ஒட்டிக்கொள்ளா. ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் இருபதாம் நூற்றாண்டிலும் இதே முறையில் தொழில் நடந்தது.

சுங்கை மாஸில் மணிகளோடு கண்ணாடிக் கழிவும் கிடைத்தது. விற்பனைக்குக் கப்பலேறி வந்த மணியோடு கழிவு வராதல்லவா? ஆகவே மணிகளை இங்கேயே செய்திருக்கிறார்கள். அருகிலுள்ள பெங்காலான் பூஜாங்கிலோ மேற்காசியக் கண்ணாடிக் கலங்களின் உடைசல்கள் ஏராளம். அவற்றை உருக்கி மணி செய்யவே கொண்டுவந்தார்கள் என்று 1960களில் அலஸ்டர் லாம்ப் கருதினார். எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. மணலை உருக்கிப் புதுக் கண்ணாடி செய்யக் கடும் வெப்பம் வேண்டும். உடைசலுக்கு அவ்வளவு வேண்டாம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் குரோபோ மக்கள் இன்றும் பழைய புட்டிகளை இடித்துப் பொடியாக்கி, களிமண் அச்சில் நிரப்பிச் சுடுகிறார்கள். துளைக்கு என்ன செய்கிறார்கள் தெரியுமா? நம் தோட்டத்து வீடுகளின் கொல்லையில் வளரும் அதே மரவள்ளியின் இலைக்காம்பைப் பொடியின் நடுவே நட்டுவிடுகிறார்கள். அது எரிந்துபோன இடம் துளையாகும். பூப்பெய்திய பெண்களுக்கு நடக்கும் ‘டிப்போ’ சடங்கில் இம்மணிகளைக் கொத்துக் கொத்தாக அணிவிப்பார்கள்.

2013ஆம் ஆண்டு பூஜாங் பள்ளத்தாக்கில் சண்டி எனப்படும் பழங்கோயில் ஒன்று நில மேம்பாட்டுப் பணியில் இடிக்கப்பட்டது. கோயில் போனால் ஊருக்குத் தெரிகிறது; மணி போனால் தெரிவதில்லை. மணி எந்த மண்ணடுக்கில் கிடக்கிறது என்பதைக் கொண்டே அதன் காலத்தைக் கணிக்கிறார்கள். சட்டைப் பைக்குள் போய்விட்ட மணிக்குக் காலம் சொல்ல முடிவதில்லை. ஆகவே கெடாப் பக்கத் தோட்டங்களில் வாய்க்கால் வெட்டும்போது செந்நிற, நீலநிற மணிகள் தென்பட்டால், கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். இடத்தை அடையாளமிட்டு, மெர்போக்கிலுள்ள அரும்பொருளகத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.