நடுவயதும் எளிய உவகையும்: பத்து காஜா வட்டாரத் தோட்ட வாழ்வை முன்வைத்து ஒரு நோக்கு

நாற்பது வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடைப்பட்ட காலத்தை நடுவயது என்று பொதுவாக வழங்குகிறோம். இப்பருவத்தினர் தம்மைத் தாமே பேணிக்கொள்ள வேண்டும், அன்றாட வாழ்வில் சிறு சிறு இன்பங்களைக் கண்டுகொள்ள வேண்டும் என்னும் அறிவுரை இன்று இதழ்களிலும் தொலைக்காட்சியிலும் மிகுதியாகக் கேட்கிறது. அவ்வறிவுரையோடு நறுமணக் குளியல், உடற்பயிற்சிக் கூடம், வார இறுதிச் சுற்றுலா ஆகியனவும் சேர்ந்தே விற்கப்படுகின்றன. மலேசியத் தமிழருள் பெரும்பாலோர்க்கு இவை எட்டாதவை, எட்டினாலும் அயலானவை. அவ்வாறாயின் நம்மவர்க்குத் தம்மைப் பேணும் மரபே இல்லையா என்னும் வினா எழுகிறது. அவ்வினாவைப் பேராக் மாநிலத்துப் பத்து காஜா வட்டாரத்தை முன்வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பத்து காஜாவைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. கிந்தாப் பள்ளத்தாக்கிலுள்ள இவ்வூரைச் சூழ்ந்து ஈயச் சுரங்கங்களும் ரப்பர்த் தோட்டங்களும் அடுத்தடுத்து இருந்தன. இன்று நாற்பத்தைந்து முதல் அறுபது வயதுக்குள் இருக்கும் இவ்வட்டாரத் தமிழருள் பலர் லயத்து வீட்டில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, இளமையில் தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள். தோட்டத்து நாளையும் நகரத்து நாளையும் ஒருங்கே அறிந்த கடைசித் தலைமுறையினர் இவர்களே எனலாம்.

பெயர் முடிந்துபோன பருவம்

நம் இலக்கண மரபு பருவங்களை நுணுக்கமாகப் பகுத்துப் பெயரிட்டுள்ளது. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் எனப் பெண்ணின் பருவங்கள் ஏழு. உலா இலக்கியத்தைப் பயில்வோர் இவற்றை நன்கறிவர். வயதெல்லை நூலுக்கு நூல் சற்று வேறுபடினும், பேரிளம்பெண் என்பது முப்பத்திரண்டு முதல் நாற்பது வரை என்பதே பெருவழக்கு. அதற்குப்பின் பெயரில்லை. நாற்பத்தொன்றாம் வயதில் ஒரு பெண் என்னவாகிறாள் என்பதைப் பாட்டியல் நூலார் கூறவில்லை. உலாவரும் தலைவனைக் கண்டு மயங்கும் தகுதி அவளுக்கு முடிந்துவிட்டது என்பது அவர்தம் கணக்கு. பின்னர் அவள் தாய், மாமியார், பாட்டி என உறவுப் பெயர்களால் மட்டுமே அறியப்படுகிறாள். அப்பெயர்கள் அனைத்தும் அவள் பிறர்க்கு ஆற்றும் கடமையைச் சுட்டுவனவேயன்றி அவளைச் சுட்டுவன அல்ல. இப்பெயரின்மையை ஒரு சிறு செய்தியாக நாம் கருதவில்லை.

மேலைநாட்டிலும் நடுவயதுக்குத் தனிக் கவனம் கிடைத்தது அண்மையில்தான். உளப்பகுப்பாய்வாளர் எலியட் ஜாக்ஸ் 1965இல் எழுதிய கட்டுரையே நடுவயது நெருக்கடி என்னும் தொடரைப் பரப்பியது. பொருளியலறிஞர் பிளாஞ்சிளவர், ஆஸ்வால்டு ஆகிய இருவரும் 2008இல் பல நாட்டுத் தரவுகளைத் தொகுத்து, மனநிறைவு இளமையில் உயர்ந்தும் நாற்பதுகளின் நடுவில் தாழ்ந்தும் பின்னர் மீண்டும் உயர்ந்தும் செல்வதாகக் காட்டினர். இளையோரின் மனநிலை சரிந்து வருவதால் அவ்வளைவு மாறிவருகிறது என்று பிளாஞ்சிளவரே அண்மைக்காலத்தில் எழுதியுள்ளார்.

மகிழ்ச்சி எங்கிருந்து பிறக்கிறது என்பதற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் தரும் விடை நமக்கு இங்கு மிகுதியும் பயன்படும். உவகைக்குச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கு நிலைக்களன்களை அது கூறுகிறது. செல்வம் என்பதற்குப் பேராசிரியர் நுகர்ச்சி என்று பொருள்கொள்வார். சேர்த்து வைத்தல் அன்று. புலன் என்பது கல்வியால் வந்த அறிவு. புணர்வு காதலரின் கூட்டம். விளையாட்டு என்பதற்கு, ஆறும் குளமும் சோலையும் நாடி ஊரைவிட்டுச் சென்று ஆடிவருதல் என்னும் கருத்துப்பட அவர் உரைப்பார். இந்நான்கனுள் ஒன்றற்கேனும் வயது வரம்பு கூறப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. பாட்டியல் நாற்பதில் கதவை அடைக்கிறது, மெய்ப்பாட்டியல் அடைக்கவில்லை.

மரம் வகுத்த நாள்

தோட்டத்து நாளை வகுத்தவர் துரையா, கங்காணியா என்றால், இருவரினும் முந்தியது மரமே. விடியலுக்கு முன் ரப்பர் மரத்தின் பாற்குழாய்களில் நீரழுத்தம் மிகுந்திருக்கும். அப்பொழுது பட்டையைச் சீவினால் பால் நன்கு வடியும். வெயில் ஏறியபின் இலைகளின் வழி நீர் ஆவியாகிச் செல்வதால் அழுத்தம் குறைந்து பால் தளரும். இதனாலேயே இருட்டில் பெரட்டுக்கு நின்று, விளக்கைத் தலையில் கட்டிக்கொண்டு நிரைக்குச் சென்றனர். மங்குகளில் சேர்ந்த பாலை முற்பகலில் எடுத்து, காண்டா வாளியில் சுமந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டால் நண்பகல் கடந்த சிறிது நேரத்தில் வீடு திரும்பலாம்.

ஆகவே கடும் உழைப்பும் குறைந்த கூலியும் நிறைந்த அவ்வாழ்வில் பிற்பகல் என்ற ஒன்று இருந்தது. இதை யாரும் கருணையால் கொடுக்கவில்லை; மரத்தின் இயல்பால் கிடைத்தது. அப்பிற்பகலில் சற்று உறங்கினர், குழாயடியில் பேசினர், வாசற்படியில் அமர்ந்து ஒருவர்க்கொருவர் தலைவாரிப் பேன்பார்த்தனர், பல்லாங்குழியும் தாயமும் ஆடினர். ஆடவர் திடலில் காற்பந்தாட்டம் பார்த்தனர். செவ்வாய், வெள்ளிகளில் பெண்களும் புதன், சனிகளில் ஆண்களும் எண்ணெய் முழுக்கு ஆடும் வழக்கம் ஊரிலிருந்து கப்பலேறி வந்தது. இன்று தன்பேணல் என்னும் பெயரால் கூறப்படுவனவற்றுள் பாதி இவ்வழக்கங்களில் அடங்கும். ஆனால் அவற்றை யாரும் தனியாகச் செய்யவில்லை என்பதே முதன்மையான வேறுபாடு. ஒரு பெண்ணுக்கு எண்ணெய் தேய்த்துவிட மற்றொருத்தி வேண்டியிருந்தது.

இதனைப் பொற்காலமாகப் பாடுதல் நம் நோக்கமன்று. பெண்களின் பிற்பகலில் பெரும்பகுதியை விறகும் சமையலும் துணிதுவைத்தலும் எடுத்துக்கொண்டன. ஆடவரின் மாலையைப் பல தோட்டங்களில் கள்ளுக்கடை விழுங்கியது. அதன் விலையைச் செலுத்தியவர்கள் வீட்டிலிருந்த பெண்களும் குழந்தைகளுமே.

தோட்டத்துக் காய்கறிப் பாத்தியைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் தகும். 1920களின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பத்தோடு வாழும் தொழிலாளிக்குப் பயிரிட ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் தரவேண்டும் என்று விதித்தது. ஏட்டில் இருந்தது எல்லாத் தோட்டங்களிலும் நிலத்தில் இருந்ததாகக் கொள்ளலாகாது. எனினும் லயத்தின் பின்புறம் வெண்டை, கத்தரி, முருங்கை, பசளை இல்லாத தோட்டம் அரிது. நாம் முனைவர்ப் பட்ட ஆய்வுக்காக அயல்நாட்டில் தங்கியிருந்தபோது, இங்கிலாந்து ஊர்களில் நகராட்சி வாடகைக்கு விடும் சிறு தோட்டத்துண்டுகளில் நடுவயதினர் ஞாயிறுதோறும் மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பதைக் கண்டோம். அங்கு 1908ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இத்துண்டுகளை வழங்கும் பொறுப்பை ஊராட்சிகளின்மேல் சுமத்தியது. அத்துண்டின் மரபளவும் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கே. ஏறத்தாழ 250 சதுர மீட்டர். அதே அளவு நிலத்தை அவர்கள் ஓய்வின் இன்பம் என்று போற்றி இன்றளவும் காத்து வருகின்றனர். நாமோ அதனை வறுமையின் அடையாளமாக எண்ணித் தோட்டத்தோடு விட்டுவந்தோம்.

மாளிகையும் கோயிலும்

பத்து காஜாவுக்கு வருவோர் தவறாமல் காண்பது கெல்லீஸ் மாளிகை. ஸ்காட்லாந்தில் 1870இல் பிறந்த வில்லியம் கெல்லி சிமித், 1890இல் மலாயாவுக்கு வந்து தோட்ட முதலாளியானார். 1915இல், தம் நாற்பத்தைந்தாம் வயதில், முன்பே கட்டியிருந்த இல்லத்தையொட்டி இப்பெருமாளிகையைத் தொடங்கினார். சென்னை மாகாணத்திலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர்; மின்தூக்கியும் திட்டத்தில் இருந்தது. முதல் உலகப்போரின் இறுதியில் உலகெங்கும் பரவிய நச்சுக்காய்ச்சல் தொழிலாளர் பலரைக் கொண்டுசென்றது. எஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டினர் என்றும், முதலாளி இசைந்து கட்டித்தந்தார் என்றும் வழிவழியாகக் கூறப்படுகிறது. அக்கோயிலின் கூரைமீது தெய்வத் திருவுருவங்களுக்கிடையே மேலைநாட்டு உடையணிந்த உருவம் ஒன்றும் உண்டு. சிமித் 1926இல் லிஸ்பனில் நிமோனியா கண்டு இறந்தார். மாளிகை முடிவுறவில்லை.

நடுவயதில் ஒருவர் தமக்கென விரும்பியது மாளிகை. அதே ஆண்டுகளில் அவர்தம் தொழிலாளர் தமக்கென விரும்பியது கூடிநின்று அழவும் பொங்கலிடவும் ஓரிடம். மாளிகைக்கு இன்று சுற்றுலாக் கட்டணம் கொடுத்துச் செல்கிறோம்.

நகரத்து நாள்

1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், பின்னர் ரப்பரை அகற்றிச் செம்பனை நட்டமையும், வீடமைப்புத் திட்டங்களும் லயங்களைக் காலிசெய்தன. 1985இல் ஈயச் சந்தை வீழ்ந்தபின் கிந்தாவின் சுரங்கத் தொழிலும் ஒடுங்கியது. பத்து காஜாவை அடுத்த தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டப்பட்ட ஈயக்கப்பல் 1982இலேயே ஓய்ந்துவிட்டது. இளையோர் ஆலைகளுக்கும் கடைகளுக்கும் காவற்பணிக்கும் சென்றனர். கூலி உயர்ந்தது, கூரை ஒழுகவில்லை, பிள்ளைகள் மேற்படிப்பைத் தொட்டனர். இவை மறுக்கவொண்ணா நன்மைகள். ஆனால் ஆலைக்கு வெயிலும் இருளும் ஒன்றே. முறைமாற்றுப் பணி வந்ததும் பிற்பகல் போயிற்று. கணவர் இரவுப்பணி முடிந்து வரும்போது மனைவி பகற்பணிக்குப் புறப்படுகிறார். தொல்காப்பியர் கூறிய நான்கனுள் செல்வம் ஒன்றே வளர்ந்தது. அதுவும் நுகர்ச்சி என்னும் பொருளில் அன்று, தவணைக் கடன் என்னும் பொருளில்.

உடலும் கணக்குக் கேட்கத் தொடங்கியது. மைல்கணக்கில் நடந்து நிரைநிரையாக மரம் சீவியவரின் உணவுமுறை அப்படியே இருக்க, நடை மட்டும் நின்றது. 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அவ்விழுக்காடு பிற பெரும்பான்மை இனத்தவரினும் உயர்ந்து நின்றது. குறைந்த வருவாயினர்க்கான பெக்கா பி40 திட்டம் 2019இல் ஐம்பது வயதினர்க்கெனத் தொடங்கி, 2020 முதல் நாற்பது வயதினர்க்கும் விரிக்கப்பட்டு, இலவச உடற்பரிசோதனைக்கு வழிசெய்கிறது. இதனைப் பயன்கொள்ளாமல் தள்ளிப்போடுவோர் கூறும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: நேரமில்லை. நேரமில்லை என்பதன் உட்பொருள், எனக்காக நேரம் எடுப்பது தகாது என்பதாகும்.

தற்காத்தல்

தன்னைப் பேணுதல் தன்னலம் என்னும் எண்ணம் நம் பெண்களிடம் ஆழ வேரூன்றியுள்ளது. அதற்கு அறநூல்கள் சான்றாகக் காட்டப்படுவதும் உண்டு. ஆயின் வாழ்க்கைத் துணைநலம் கூறும் அதிகாரத்தில் ஐம்பத்தாறாம் குறள் வைத்துள்ள வரிசையை நோக்குதல் வேண்டும். முதலில் தன்னைக் காத்தல், அடுத்துக் கணவனைப் பேணுதல், பின்னர்ப் புகழைக் காத்தல், இறுதியில் சோர்வின்மை. பரிமேலழகர் முதலில் நிற்கும் தற்காத்தலைக் கற்பினின்று வழுவாமை என்று சுருக்கினார். அவர் காலத்து நோக்கு அது. சொல்லளவில் நின்று காணும்போது, தன்னைக் காவாதவள் பிறரைப் பேணிச் சோராமல் நிற்றல் இயலாது என்னும் பொருளுக்கும் அவ்வரிசை இடந்தருகிறது என்றே நாம் கருதுகிறோம். உடம்பை இழுக்கென்று முன்பு எண்ணியிருந்து, அதனுள் இறைவன் கோயில்கொண்டமை கண்டபின் அதனைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் கூறுவதையும் இங்கு எண்ணலாம். மருந்தை வேளைக்கு உண்ணுவதும் மாலையில் அரைமணி நேரம் நடப்பதும் இம்மரபுக்குப் புறம்பானவை அல்ல.

விளையாட்டு என்னும் களனுக்கு இவ்வட்டாரத்தில் குறையில்லை. கைவிடப்பட்ட ஈயக்குட்டைகள் ஏரிகளாய் நிறைந்து, சிலவற்றில் தாமரையும் படர்ந்துள்ளன. தூண்டிலோடு கரையில் அமரும் நடுவயது ஆடவர் மீனுக்காக மட்டும் அங்கு வருவதில்லை. (குட்டைகள் திடீரென ஆழ்பவை, இறங்கிக் குளித்தல் தீது.) பெண்கள் அவ்வாறு கரையில் அமர்ந்திருப்பதைக் காண்பது அரிது. ஊரைவிட்டுச் சென்று ஆடிவருதல் அவர்க்கு இன்னும் கோயில் திருவிழா என்னும் பெயரால்தான் வாய்க்கிறது.

தாமான் வீடுகளில் வாய்த்திருப்பது வேலியோரத்துச் சிறு இடம். ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு அங்கு ஆறேழு பூச்சட்டிகளாகச் சுருங்கிவிட்டது. கறிவேப்பிலையும் துளசியும் ஒரு முருங்கைக் கொம்பும் அவற்றில் நிற்கின்றன. வேலை முடிந்துவந்து மாலையில் அவற்றுக்கு நீரூற்றும் பெண்ணிடம், வேலிக்கு அப்பாலிருந்து இரண்டு கொத்துக் கறிவேப்பிலை கேட்டு ஒருவர் வருகிறார். கொத்துகளைக் கிள்ளிக் கொடுத்தபின்னும் அவ்விருவரும் உடனே உள்ளே சென்றுவிடுவதில்லை.