பசு கத்தும் நாள்

விடியற்காலையில் கொட்டிலில் மாடு விட்டுவிட்டுக் கத்துகிறது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறது. போட்ட தட்டையை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. கறந்தால் பாலும் குறைகிறது. “மாடு பருவத்துக்கு வந்திருக்கு” என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள்.

சினையில்லாத பசு ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை இப்படிப் பருவத்துக்கு வரும். அது நிலைப்பதோ சுமார் 12 முதல் 18 மணி நேரம். இதன் அருமை கணக்குப் போட்டால் விளங்கும். சினைக்காலம் சுமார் 280 நாள். ஆண்டுக்கொரு கன்று வேண்டுமானால், ஈன்ற 85 நாளுக்குள் மறுபடி சினை பிடிக்க வேண்டும். கருப்பை தேற 60 நாள் விட்டால் மிச்சம் 25 நாள்தான். அதற்குள் உறுதியாக வருவது ஒரே பருவம்.

மந்தையில் திரியும் பசு என்றால், இன்னொரு மாடு மேலே ஏறும்போது விலகாமல் நிற்பதே உறுதியான அடையாளம். நம் ஊர்களில் ஒன்றிரண்டு மாடுகளைக் கட்டுத்தறியில் வைத்து வளர்ப்பவர்களே அதிகம். அங்கே ஏற இன்னொரு மாடு இருக்காது. நம் கண்தான் பார்க்க வேண்டும்.

காலையில் மாடு படுத்து எழுந்த இடத்தைப் பாருங்கள். கண்ணாடிபோல் தெளிந்த வழும்பு, அறுபடாமல் கயிறாக ஒழுகும், வாலிலும் ஒட்டியிருக்கும். பிறப்புறுப்பு தடித்துச் சிவந்திருக்கும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் கழிக்கும். வழும்பு சீழ்போல் கலங்கியிருந்தால் கருப்பையில் நோய். முதலில் மருத்துவம் பாருங்கள்.

காலையில் அடையாளம் தெரிந்தால் மாலையில் சினை ஊசி. மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1940-களில் ட்ரிம்பர்கர் நடத்திய ஆய்வுகளிலிருந்து வந்த விதி இது. பருவம் அடங்கிச் சுமார் 10 முதல் 12 மணி நேரம் கழித்தே சினைமுட்டை வெளிப்படும். அது சில மணி நேரமே உயிர்ப்புடன் இருக்கும். விந்தணுவும் கருப்பைக்குள் சில மணி நேரம் இருந்தால்தான் கருவூட்டும் திறன் பெறும். அதனால் அவசரப்பட்டாலும் வீண், தாமதித்தாலும் வீண்.

எருமைகள் பல சமயம் கத்தாமலே பருவம் கடந்துவிடும். கோடையில் பசுக்களும் அப்படித்தான். பருவம் முடிந்து இரண்டொரு நாளில் வழும்பில் ரத்தக் கோடு தெரிந்தால் பயம் வேண்டாம். அந்த நாளைக் குறித்துவைத்து, 16-ஆம் நாளிலிருந்து கவனியுங்கள்.

நடையையும் அசைபோடுவதையும் அளந்து பருவத்தை அறிவிக்கும் கழுத்துப்பட்டைகள் பெரிய பண்ணைகளுக்கு வந்துவிட்டன. ஒரு மாட்டுக்காரருக்குச் சுவரில் தொங்கும் நாள்காட்டி போதும். ஊசி போட்ட நாளையும் அதிலிருந்து 21-ஆம் நாளையும் வட்டமிடுங்கள். அன்று கத்தலும் இல்லை, வழும்பும் இல்லை என்றால் நம்பிக்கை வைக்கலாம். மூன்றாம் மாதம் மருத்துவரிடம் சினை பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.