எழுதப்படாத ஒரு வரி

விமானத்தின் அவசர வாயிலைப் பார்க்கும் எவரும் அதன் உறுதியைத்தான் நம்புவார்கள். அந்த உறுதி, அதில் வேலை செய்தவர் எழுதிவைக்கும் குறிப்பிலும் தங்கியிருக்கிறது என்பதை ஒரு விபத்தைப் பற்றி வாசித்தபோது அறிந்தேன்.

2024 ஜனவரி 5ஆம் திகதி, அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரிலிருந்து அலாஸ்கா எயார்லைன்ஸின் போயிங் 737 மெக்ஸ் 9 விமானம் 177 பேருடன் புறப்பட்டது. சில நிமிடங்களில், ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில், பக்கச் சுவரின் ஒரு பகுதி கழன்று பறந்தது.

ஆசனங்கள் அதிகமுள்ள விமானங்களில் அவ்விடத்தில் மேலதிக அவசர வாயில் இருக்கும். ஆசனங்கள் குறைவென்றால், அந்த இடைவெளியைக் கதவளவு மூடியொன்றால் அடைப்பார்கள். மூடி மேல்நோக்கி நகராமல் நான்கு போல்ட்டுகள் தடுக்கும்.

அந்த நான்குமே அங்கு இருக்கவில்லை என்று விசாரணை கண்டறிந்தது. 2023 செப்டெம்பரில், ரென்டன் தொழிற்சாலையில், அருகிலிருந்த ரிவெட்டுகளைத் திருத்துவதற்காக மூடியைத் திறந்தார்கள். திறந்ததை எவரும் பதியவில்லை. பதிவு இல்லாததால், மீண்டும் மூடியதை எவரும் பரிசோதிக்கவுமில்லை. போல்ட்டுகள் இல்லாமலே விமானம் இரண்டு மாதங்களுக்கு மேல் பறந்தது. மூடியை ஒட்டிய ஆசனங்கள் அன்று வெறுமையாக இருந்தன, எவரும் உயிரிழக்கவில்லை.

மறதி மனித இயல்பு. ஒருவர் மறந்ததை இன்னொருவர் கண்டுபிடிக்கத்தான் பதிவு. நாளை வைத்தியராக, தாதியாக, பொறியியலாளராக வரப்போகும் நாம், அந்த ஒரு வரியை எழுதிய பிறகே வேலை முடிந்தது என்று சொல்லப் பழகுவோம்.