யூ இல்லாத கியூ

எழுத்துக் காய்களால் ஆங்கிலச் சொல் கோக்கும் ஸ்கிராபிள் ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் பைக்குள் கைவிட்டு கியூவை எடுத்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். 100 காய்களில் கியூ ஒன்றே ஒன்று. மதிப்பு 10 புள்ளி. அதைப் போட வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் நம் கணக்கில் 10 குறையும். எதிராளி தன் காய்களை முதலில் தீர்த்துவிட்டால் அந்தப் பத்தும் அவர் கணக்கில் ஏறும். ஒற்றைக் காயால் 20 புள்ளி வித்தியாசம்.

இந்தத் தொல்லையைக் கொடுத்தவர் ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வேலை போய்விட, செய்தித்தாளின் முதல் பக்கத்தை விரித்து எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ண ஆரம்பித்தார். அடிக்கடி வரும் ஈ-க்கு 12 காய், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. அபூர்வமான கியூவுக்கும் இசட்டுக்கும் தலா ஒரே காய், 10 புள்ளி. சொல்லோடு எஸ்-ஐ ஒட்டிப் பன்மையாக்கியே ஒப்பேற்றிவிடுவார்கள் என்று அதை நாலோடு நிறுத்தினார். 1948இல் ஜேம்ஸ் புருனோ என்பவர் ஸ்கிராபிள் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தார்.

ஆங்கிலத்தில் கியூ இருந்தால் பக்கத்தில் யூ இருந்தாக வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பாடம். யூ கிடைக்காதவர்களைக் காப்பாற்றுவது பிற மொழிகளிலிருந்து வந்த குட்டிச் சொற்கள்தான்.

முதல் இடம் கியூ, ஐ என்ற இரண்டெழுத்துச் சொல்லுக்கு. திட்டுவதுபோல ‘ச்சீ’ என்று ஒலித்தாலும் பொருள் உயர்ந்தது. சீன மருத்துவமும் தற்காப்புக் கலைகளும் உடம்புக்குள் ஓடுவதாகச் சொல்லும் உயிராற்றல் அது. நாம் பிராணன் என்கிறோமே, கிட்டத்தட்ட அது. சீன அரசு 1958இல் தன் மொழியை ரோமன் எழுத்தில் எழுத பின்யின் முறையை ஏற்றபோது, இந்தச் சகர ஒலிக்குக் கியூவை ஒதுக்கினார்கள். பட்ஸ் எழுத்தெண்ணியபோது இப்படி ஒன்று வரும் என்று யார் கண்டது! 2006இல் வட அமெரிக்கப் போட்டிப் பட்டியலில் அந்தச் சொல் நுழைந்தது.

அதன் வேலையைப் பாருங்கள். பலகையில் ‘டாக்ஸி’ மேலிருந்து கீழாக நிற்கிறது. கடைசி எழுத்து ஐ. அதற்கு இடப்பக்கத்தில், எழுத்தின் மதிப்பை மூன்று மடங்காக்கும் கட்டம் காலியாக இருக்கிறது. அங்கே கியூவை வைத்து, அதற்கு நேர் கீழே இன்னொரு ஐ வைத்தால் குறுக்கே ஒரு சொல், நெடுக்கே ஒரு சொல். கியூவுக்கு 30, ஐ-க்கு 1. இரண்டு திசைக்கும் சேர்த்து 62 புள்ளி. போட்டது இரண்டே காய்.

அடுத்த கூட்டம் அரபு வழி வந்தது. அடித்தொண்டையிலிருந்து எழும் ‘காஃப்’ என்ற அரபு எழுத்தை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று ஒருவரும் முடிவு செய்யவில்லை. ஒருவர் கே போட்டார், ஒருவர் சி, இன்னொருவர் கியூ. அகராதிக்காரர்கள் வம்பே வேண்டாம் என்று மூன்றையும் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் நம் ஊர்க் காஜியை, இலங்கையில் காதி நீதிமன்றத்தில் உட்காரும் அதே காதியை, எந்த எழுத்தில் தொடங்கினாலும் செல்லும். பக்கீரின் நடுவிலும் கே, கியூ இரண்டும் செல்லும்.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது கியூ, ஏ, டி: காத் என்ற இலை. ஏமனில் மதியச் சாப்பாடு ஆனதும் ஆண்கள் கூடி உட்கார்ந்து, இளந்தளிராகப் பார்த்துக் கிள்ளி மென்று, சக்கையைத் துப்பாமல் ஒரு பக்கக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே போவார்கள். கன்னம் பந்துபோல உப்பும், சோர்வு பறக்கும், அரட்டை பொழுது சாயும்வரை நீளும். ஐந்தெழுத்து வேண்டுமென்றால் கனாத் இருக்கிறது. ஈரானில் மலையடிவாரத்து நிலத்தடி நீரை, மெல்லச் சரியும் சுரங்கம் வெட்டி ஊருக்குக் கொண்டுவரும் கால்வாய் அது. பம்பு வேண்டாம், வெயிலில் ஆவியாவதும் குறைவு. பாரசீகக் கனாத்துகளை யுனெஸ்கோ 2016இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மற்ற எழுத்துகள் இவ்வளவு பாடு படுத்துவதில்லை. இசட், ஏ என்றால் பீட்சாவின் சுருக்கம். கியூ, ஐ நுழைந்த அதே ஆண்டில் இதுவும் நுழைந்தது. எக்ஸ், யூ என்பது வியட்நாமின் பழைய சில்லறைக் காசு. ஜே, ஓ ஸ்காட்லாந்துக்காரரின் ‘அன்பே’. கை நிறைய உயிரெழுத்துகளாக வந்து குவிந்தால் இரண்டு ஏ-க்களை அடுத்தடுத்துப் போடலாம். ஹவாய் எரிமலையின் கரடுமுரடான லாவாப் பாறை.

உயிரெழுத்தே வராவிட்டால் சி, டபிள்யூ, எம். வேல்ஸ் மொழியில் டபிள்யூ உயிரெழுத்தாகவும் நிற்கும். இங்கே அதற்கு ‘உ’ ஓசை. பனியாறு குடைந்த கிண்ண வடிவப் பள்ளத்தாக்கைக் குறிக்கும் சொல் இது. எவரெஸ்டின் காலடியில் அப்படி ஒன்று இருக்கிறது. 1921இல் மலையேற்ற வீரர் ஜார்ஜ் மாலரி அதற்கு இந்த வேல்ஸ் சொல்லையே பெயராக வைத்தார். 1953இல் டென்சிங்கும் ஹில்லரியும் உச்சிக்குப் போனது அதன் வழியாகத்தான்.

இத்தனை கதையும் ஆட்டத்துக்குத் தேவையே இல்லை என்பார்கள் போட்டிக்காரர்கள். நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015இல் பிரெஞ்சு மொழி உலகப் போட்டியை வென்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது. சில வாரங்களில் அகராதியை மனத்தில் ஏற்றிக்கொண்டு போனார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அப்படியே ஜெயித்தார். அவருடைய நினைவாற்றலுக்கு ஒரு கும்பிடு. நம்மைப் போன்றவர்களுக்கு ஏமன்காரரின் உப்பிய கன்னத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டால்தான் அந்த மூன்றெழுத்து ஞாபகத்தில் நிற்கும்.

குட்டிச் சொற்களையே படையாக நடத்தியவர்கள் நைஜீரியர்கள். ஏழு காயையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி போனஸ். மற்றவர்கள் அதற்காகத் தவம் கிடக்க, இவர்கள் ஐந்தெழுத்துச் சொற்களைப் போட்டு எதிராளிக்கு இடமில்லாமல் பலகையை அடைத்தார்கள். 2015 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வெலிங்டன் ஜிகெரே உலகப் பட்டத்தை வென்றார். ஆப்பிரிக்காவிலிருந்து அதை வென்ற முதல் ஆள் அவர். இறுதிப் போட்டியில் அவர் போட்டு, பத்திரிகைகளில் அடிபட்ட சொல் ‘ஃபெல்ட்டி’: அழுத்திச் செய்த கம்பளித் துணி போன்றது என்று பொருள். ஐந்தே எழுத்துதான்.