பாதியில் அறுந்த கோப்பு

பி.எஸ்ஸி. (கணினி அறிவியல்), இரண்டாம் ஆண்டு

எங்கள் ஊரான கோட்டைப்பட்டினத்தில் மீன் ஏற்றிய லாரி புறப்படும்போது டிரைவரின் கையில் ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். என்ன மீன், எத்தனை பெட்டி என்று அதில் எழுதியிருக்கும். லாரி போன பிறகு வழியில் ஐஸ் உருகி மீன் கெட்டுப்போனாலும், சீட்டில் எழுதியது எழுதியதுதான். பின்னால் ஓடிப்போய் யாரும் திருத்த முடியாது. நம் கைப்பேசிக்குப் பெரிய கோப்பு ஒன்றை அனுப்பும் கணிப்பொறியின் நிலையும் இதுவே என்பதை, நான் செய்த ஒரு தவற்றினால் அறிந்துகொண்டேன். அத்தவற்றை மறைக்காமல் எழுதலாம் என்றுதான் இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

சென்ற பருவத் தேர்வுக்கு முன் நம் துறை ஆய்வகத்தில் ஒரு சிறு சர்வரை அமைத்தேன். சர்வர் என்றால் வேறொன்றுமில்லை. கேட்பவருக்குக் கேட்ட கோப்பை எடுத்துக் கொடுக்கும் கணிப்பொறிதான். முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களையெல்லாம் படமெடுத்து அதில் சேர்த்துவைத்தோம். மொத்தம் 400 மெகாபைட்டுக்கு மேல் வந்தது. மாணவர் ஒருவர் தம் கைப்பேசியின் பிரவுசரில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். என் நிரல் வினாத்தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒரே ஜிப் கோப்பாகக் கட்டிக்கொண்டே அனுப்பும். முழுவதையும் கட்டி முடித்துவிட்டு அனுப்பினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கணிப்பொறியோ பழையது, பொத்தானை அழுத்திவிட்டு எல்லோரும் காத்து நிற்க வேண்டியிருக்கும். கட்டக் கட்ட அனுப்புவதே கெட்டிக்காரத்தனம் என்று எண்ணினேன்.

தேர்வுக்கு முந்தின நாள் மாலை, முதலாண்டு மாணவர் ஒருவர் பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் அக்கோப்பைப் பதிவிறக்கம் செய்துகொண்டு போனார். அவர் வீட்டுப் பக்கம் சிக்னல் கிடையாது. இரவு திறந்து பார்த்தால் கோப்பு திறக்கவில்லை. மறுநாள் தேர்வு முடிந்த பிறகு என்னிடம் வந்து, "அண்ணே, டவுன்லோடு முடிஞ்சிருச்சுன்னுதானே காட்டுச்சு?" என்றார். பரீட்சை எப்படி எழுதினாய் தம்பி என்று கேட்டேன். "தெரிஞ்சத எழுதுனேண்ணே" என்றார். குறை சொல்லும் குரலில் சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறுத்தியிராது.

அவருடைய கோப்பை வாங்கி, வெறும் எழுத்துகளைக் காட்டும் நோட்பேடில் திறந்தேன். புரியாத குறிகள் பக்கம் பக்கமாக ஓடின. கடைசி வரியில் மட்டும் தெளிவான தமிழில், "மன்னிக்கவும், பிழை ஏற்பட்டுவிட்டது" என்று இருந்தது. நான் எழுதிவைத்த வாசகம்!

பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறைக்கு எச்.டி.டி.பி. என்று பெயர். டிம் பெர்னர்ஸ்-லீ 1991இல் விவரித்த முதல் வடிவம் மிக எளியது. கேட்டால் கோப்பு வரும், அவ்வளவுதான். 1996இல் ஆவணமாக வெளியான 1.0 வடிவத்தில் ஒவ்வொரு விடையின் தலையிலும் ஓர் எண் இடம்பெற்றது. 200 என்றால் 'சரி'. 404 என்றால் 'கேட்டது இங்கில்லை'. 500 என்றால் 'சர்வரில் கோளாறு'. இந்த எண் தலையில் வருவதுதான் வினை. கோப்பின் முதல் பைட் புறப்படுமுன்பே 200 என்று சர்வர் சொல்லியாக வேண்டும். அதன் பின்னர் 37ஆவது வினாத்தாளை வட்டிலிருந்து படிக்க முடியாமல் போனால் (அன்று நடந்தது அதுதான்), 500 என்று மாற்றிச் சொல்ல வழியில்லை. பி.எச்.பி. மொழியில் நிரல் எழுதிப் பழகியவர்கள், 'தலைப்புகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன' என்ற எச்சரிக்கையைக் கண்டு அலுத்திருப்பார்கள். அதன் பொருள் இதுவே.

சரி, 200 போய்விட்டது. முடிவிலாவது உண்மையைச் சொல்லலாமா என்றால், சொல்லலாம். 2013 ஜூலையில் நம் நாட்டில் நிறுத்தப்பட்ட தந்திச் சேவையை மூத்த பேராசிரியர்கள் அறிவார்கள். தந்தியின் தொடக்கத்தில் மொத்தச் சொற்களின் எண்ணிக்கை வரும். மோர்ஸ் முறையில் செய்தி முடிந்ததற்கென்று தனிக் குறியும் உண்டு. எச்.டி.டி.பி.யிலும் இவ்விரண்டும் உள்ளன. கோப்பின் நீளம் முன்பே தெரிந்தால் இத்தனை பைட் என்று தலைப்பிலேயே எழுதிவிடலாம். தெரியாவிட்டால், 1997இல் வந்த 1.1 வடிவத்தின்படி துண்டு துண்டாக அனுப்பலாம். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் அளவு வரும். எல்லாம் முடிந்ததும் அளவு பூஜ்யம் என்று ஒரு வெற்றுத் துண்டு வரும். அந்தப் பூஜ்யம் வராமல் இணைப்பு அறுந்தால், வந்தது முழுமையற்றது என்று பிரவுசர் கொள்ள வேண்டும் என்பது விதி.

என் நிரல் என்ன செய்தது? பிழையைப் பிடித்தது. மன்னிப்பு வாசகத்தைக் கோப்புக்குள்ளேயே எழுதியது. பிறகு வெகு மரியாதையாகப் பூஜ்யத்தையும் அனுப்பி முடித்துவைத்தது! பிரவுசர் பாவம், 'முடிந்தது' என்று காட்டாமல் வேறென்ன செய்யும்? ஜிப் கோப்பின் உள்ளடக்கப் பட்டியல் அதன் வாலில்தான் இருக்கும். வால் இல்லாததால், ஒழுங்காக வந்துசேர்ந்த 36 வினாத்தாள்களும்கூடச் சாதாரணமாகத் திறக்க முடியாமல் போயின.

பிழை நேர்ந்தால் எதுவும் பேசாமல் இணைப்பை முரட்டுத்தனமாக அறுத்துவிட வேண்டும் என்பதே இதற்குரிய முதல் மருந்து. பூஜ்யம் போகக் கூடாது. நிரல் எழுதக் கற்கும்போது, எந்தப் பிழையையும் பிடித்துப் பக்குவமாக முடித்துவை என்று படித்த எனக்கு இது எளிதில் மனம் ஒப்பவில்லை. ஆனால் இங்கே பக்குவமாக முடிப்பது பொய் சொல்வதாகும். 2015இல் வெளியான இரண்டாம் வடிவத்தில், இணைப்பு முழுவதையும் அறுக்காமல் ஓர் ஓட்டத்தை மட்டும் கைவிடுவதற்கென்றே ஒரு குறி வைத்திருக்கிறார்கள். கடைசித் துண்டுக்குப் பின்னால் குறிப்பு ஒன்றை அனுப்பவும் 1.1 வடிவத்தில் இடமுண்டு. ஆனால் பதிவிறக்கத்தின்போது பிரவுசர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை என்பதால் நமக்கு அது பயன்படாது.

இரண்டாவது மருந்தே எனக்கு உகந்ததாகப் படுகிறது. ஒவ்வொரு நாள் காலையிலும் ஜிப் கோப்பை வட்டிலேயே முழுதாகக் கட்டி வைத்துவிடுவது. ஏதேனும் ஒரு வினாத்தாளைப் படிக்க முடியாவிட்டால் அப்போதே தெரிந்துவிடும். எவருக்கும் 200 சொல்லியிராத நேரம் அது. கோப்பின் நீளமும் தெரிந்துவிடுவதால் தலைப்பில் எழுதலாம். நடுவில் வைஃபை நின்றுபோனாலும், '200 மெகாபைட் வந்துவிட்டது, அதற்கு மேல் கொடு' என்று பிரவுசர் கேட்க, சர்வர் 206 என்ற எண்ணுடன் மீதியை மட்டும் தரலாம். இடையில் கோப்பு மாறியிருந்தால் பழைய தலையும் புதிய வாலும் ஒட்டிவிடாதபடி, கோப்புக்கு ஓர் அடையாளக் குறியும் தர வேண்டும். நான் கெட்டிக்காரத்தனம் என்று எண்ணியதைக் கைவிட்டதனால் இவ்வளவும் கிடைத்தன.

ஈழத்து நூல்களைச் சேர்த்துவைத்திருக்கும் நூலகம் இணையத்தளத்தில், பி.டி.எஃப். இணைப்பின் அருகிலேயே அது எத்தனை மெகாபைட் என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். இன்டர்நெட் ஆர்க்கைவில் ஒவ்வொரு கோப்புக்கும் அளவோடு, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்ணும் கிடைக்கும்; கோப்பில் ஒரு பைட் மாறினாலும் அந்த எண் மாறிவிடும். பேருந்துக்கு ஓடுகிறவர் அதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்ப்பார் என்று நான் நம்பவில்லை. ஆகவே நம் பக்கத்தில் அளவையும், உள்ளே எத்தனை வினாத்தாள் என்ற எண்ணிக்கையையும் மட்டும் பொத்தானுக்கு மேலே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன்.

திருத்திய பின், அதே முதலாண்டு மாணவரை அழைத்து அருகில் உட்காரவைத்துச் சோதித்தேன். பாதிப் பதிவிறக்கத்தில் சர்வரை வேண்டுமென்றே நிறுத்தினேன். அவர் கைப்பேசியில் 'தோல்வி' என்று வந்தது. மீண்டும் சர்வரை இயக்கி, தொடரும் பொத்தானை அழுத்தச் சொன்னேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து இறங்கி முடிந்தது. அவர் உடனே எழுந்து போய்விடவில்லை. கோப்பைத் திறந்து, வினாத்தாள்களை ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பையை எடுத்தார்.