பாஸ் ஏன் பிசகுகிறது?

1995இல் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணம் தூக்கிய இலங்கை உதைபந்தாட்ட அணி, இன்று பாஸ்களைக் கோர்க்கத் திணறுகிறது. வீரர்களைக் குறை சொல்கிறோம், தரையைப் பார்ப்பதில்லை. ஓட்டமாவடி போன்ற வாவிக்கரை ஊர்களில், வெயிலில் இளகிய மணல் பந்தின் வேகத்தை விழுங்கிவிடும். மாரியில் தண்ணீர் தேங்கும். மேடுபள்ளத்தில் பட்ட பந்து காலருகே வந்து சட்டென்று துள்ளும். வாங்குபவர் தலைநிமிர்ந்து சக வீரரைத் தேட முடியாது. பந்தை அடக்க இன்னொரு தொடுகை வேண்டும். அதற்குள் எதிரணி இடைவெளியை அடைத்துவிடும்.

பிரேசிலின் தெருக்களில் மேதைகள் வளரவில்லையா என்று கேட்கலாம். வளர்ந்தார்கள்தான். ஆனால் கரடுமுரடான தரை வளர்ப்பது தனியாள் வித்தையை. பாஸ் என்பது இருவரின் கணிப்பு. சேர்ந்து ஆடினால்தான் படியும். அந்த வாய்ப்பும் வாய்க்கவில்லை: 2023இல் பீஃபா தடையால் மாதக்கணக்கில் சர்வதேச ஆட்டமே இல்லை, அவ்வாண்டின் தெற்காசியப் போட்டியும் கைநழுவிப் போனது.